ஹனுக்கா கேசட்டுகள்

“எல்லாமே போன்ல இருக்கு ரூபி, இந்தக் கேசட்டெல்லாம் எதுக்கு?”

“கல்யாணத்தப்போ எங்கம்மா கொச்சியிலிருந்து குடுத்துவிட்ட ஹனுக்கா பாட்டுங்க அது.”

“ஏன், உங்க யூதப் பாட்டுன்னா போன் பாட மாட்டேங்குதா?” என்று சிரித்தபடியே கணவன் திருமாறன் அவற்றை எடைக்குப் போட்டு ஏழு வருடமாகிறது.

இன்று யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்காவின் முதல் மாலை. ரூபி முதல் விளக்கை ஏற்றிவிட்டுப் போனைத் தொட்டாள். போன வருடம் பாடிய அதே பாட்டுக்கு, ‘இந்தப் பாடல் இப்போது இல்லை’ என்று எழுத்து வந்தது.

“கிறிஸ்துமஸ் பாட்டு ஏதாவது போடேன். ரெண்டும் டிசம்பர்தானே?” என்றான் திருமாறன், சோபாவில் சாய்ந்தபடி.

கல்யாணமான நாளிலிருந்து கேட்க நினைத்ததை, அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு அலமாரி வேணும். பூட்டோட. சாவி என்கிட்டதான் இருக்கணும்.”