பிரிக்காத பெட்டி

“ஒரு வாரமாக இந்த போனைப் பயன்படுத்துகிறேன்” என்று விமர்சகர் நவநீதன் தட்டச்சு செய்யத் தொடங்கியதும், பக்கத்தில் பெட்டிக்குள் கிடந்த புது போனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“லேப்டாப் அண்ணே, என் பெட்டியையே இவர் இன்னும் பிரிக்கலையே!”

“சத்தம் போடாதே. கேமரா பிரமாதம்னு எழுதிட்டார்.”

“நான் இன்னும் கண்ணே திறக்கலையே!”

“ஒரு குறையும் சொன்னாத்தானே நம்புவாங்க? அரைமணி பேசினா காது சுடுதாம்.”

“யாரோட காது?”

கட்டுரை வெளியானது. இரண்டே நிமிடத்தில் வாசகர் ஒருவரின் கருத்து வந்து விழுந்தது. லேப்டாப் அதை வாசித்துக் காட்டியது.

“உண்மைதான் சார். நானும் இதே போன்தான் வச்சிருக்கேன். எனக்கும் காது சுடுது.”

புது போன் பெட்டிக்குள்ளிருந்தே கேட்டது.

“அண்ணே, எங்களைக் கடைக்கு அனுப்பறதே நாளைக்குத்தானே?”