கேட்கக் கூடாத மேசை

"அம்மாவை இனி நீ பாத்துக்கடி. தையல்கடைக்காரர் எனக்காக இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பாரு?" என்கிறாள் அக்கா. "இந்த வயசுல கல்யாணமா? சிரிப்பாங்க" என்கிறாள் தங்கை. மௌன தியானத்துக்கென்று அக்காவின் பக்கத்து வீட்டுக்காரியான என்னையும் கூட்டிவந்துவிட்டு, கிறிஸ்தவ மடத்துச் சாப்பாட்டு அறை வாசலிலேயே இந்தக் கச்சேரி. மணி அடிக்கிறது, வாயை மூடியாக வேண்டும். உள்ளே நீள மேசை, உயரமான ஜன்னலிலிருந்து சாம்பல் வெளிச்சம், வேதம் வாசிக்கும் துறவியின் தாழ்ந்த குரல். இங்கே யாரும் தனக்கென்று எதையும் கேட்கவோ எடுக்கவோ கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துத் தர வேண்டும். அக்காவின் தம்ளர் காலி. தண்ணீர் ஜாடி தங்கையின் கையருகே. தங்கையோ சிலுவையைப் பார்க்கிறாள், அப்படியொரு பக்தி. அக்கா காய்ந்த ரொட்டியை விழுங்க முடியாமல் தொண்டையைத் தடவுகிறாள். பொறுக்காமல் நான் ஜாடிக்குக் கை நீட்ட, எதிரே இருக்கும் வயதான துறவி வேண்டாமென்று தலையசைக்கிறார். தங்கையின் பார்வை மெல்ல இறங்கி, அம்மாவின் துணிகளைத் துவைத்துத் துவைத்து வெடித்துப்போன அக்காவின் விரல்களில் வந்து நிற்கிறது, நெடுநேரம் நிற்கிறது. பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும். திரும்பி வந்த வாரமே தங்கை அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அக்கா தையல்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டாள். சுவரில் காதை வைத்தால் இப்போது எனக்கு என் வீட்டுக் கடிகாரம்தான் கேட்கிறது.