கம்பியில் ஏழு தாள்

2025 நவம்பர் 12, புதன்கிழமை. காலை ஏழு ஐம்பதுக்கு, அரியலூரில் செல்லப்பன் வீட்டுச் சுவரில் இருந்த தினசரி காலண்டர், நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை என்று காட்டியது.

செல்லப்பன் கைலி பனியனோடு பின்பால் விளையாட்டு மெஷின் முன்னால் நின்றிருந்தார். ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது.

பன்னிரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம் பாயிண்ட்.

மெஷின் சிமெண்ட் ஆலையின் மனமகிழ் மன்றத்தில் கிடந்தது. மன்றத்தைக் காலி செய்தபோது, ஆலையில் முப்பது வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்த செல்லப்பன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சரிசெய்தார். பொத்தானை அழுத்தினால் உள்ளே இரண்டு கைகள் இரும்புக் குண்டை மேலே தட்டிவிடும். எல்லாம் வேலை செய்தது. நினைவு பேட்டரி மட்டும் கசிந்து போயிருந்தது. சுவிட்சை அணைத்தால் அதுவரை எடுத்த பாயிண்ட் எல்லாம் அழிந்துவிடும்.

அதனால் ஒரு முறை வகுத்திருந்தார். காலையில் எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழிப்பது. ஓர் ஆட்டம் ஆடுவது. கிழித்த தாளின் பின்பக்கம் பாயிண்டையும் அன்றைய தேதியையும் எழுதிக் கம்பியில் குத்துவது. சாட்சிக்கு மெஷினை போட்டோ எடுத்து மனைவி கலையரசிக்கு அனுப்புவது.

காலையில் முதல் ஆட்டம்தான் கணக்கு. கை பழகிய பிறகு எடுப்பது பாயிண்ட் இல்லை என்பார்.

போட்டோவை அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. பள்ளி மேலாளர் நடராசன்.

"அண்ணே, பிள்ளைங்க ஏழரையிலேருந்து ரோட்டுல நிக்குதுங்க. எங்க இருக்கீங்க?"

இன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்றார் செல்லப்பன்.

இன்று புதன்கிழமை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நடராசன் போனை வைத்தார்.

அவர் ஓட்டும் பள்ளி வேன் வாசலில் நின்றது. பன்னிரண்டு பிள்ளைகள். போன மாதம் ஆலத்தியூரில் ஒரு பிள்ளையை ஏற்றாமலே பள்ளிக்கு வந்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று நடராசன் அப்போதே சொல்லியிருந்தார்.

செல்லப்பன் போனைப் பார்த்தார். அதில் புதன் என்று இருந்தது. போன் கெட்டுவிட்டது என்று டிவியைப் போட்டார். செய்திக்குக் கீழே ஓடிய வரியிலும் புதன்.

அப்படியானால் யாரோ காலண்டரைக் கிழித்திருக்கிறார்கள். யார்? வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். மகள் பானுப்ரியாவின் பிரசவத்துக்காகக் கலையரசி பெரம்பலூர் போயிருந்தாள். அவள் இருந்தால் தாள் கிழிப்பது அவள் வேலை. பாயிண்ட் எழுதுவது மட்டும் இவருடையது.

கம்பியை எடுத்து, அவள் போன பிறகு குத்திய தாள்களை எண்ணினார். ஏழு.

ஏழிலும் அவர் கையெழுத்து. ஆலையில் மீட்டர் குறிப்பெழுதிப் பழகிய, சாய்ந்த எண்கள். ஏழு தேதிகள், பத்து முதல் பதினாறு வரை, ஒன்றும் விடுபடவில்லை.

ஏழு ஆட்டமும் நினைவில் இருந்தன. ஒன்றில் குண்டு இடது ஓரம் சிக்கி, மெஷினைத் தொடையால் இடித்தார். ஒன்றில் கரண்ட் போய் வந்து, மறுபடி ஆடினார். ஒவ்வொரு தடவையும் தூங்கி எழுந்து, முகம் கழுவி, டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் மெஷினுக்கு வந்தார். ஏழு காலைகளும் நினைவில் இருந்தன.

கலையரசியைக் கூப்பிட்டார். நீ போய் எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார்.

அவள் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிட்டு வந்தது மறந்துபோச்சா, மூன்று நாள்தானே என்றாள். பின்னால் பானுப்ரியா ஏதோ கேட்டாள். உங்கப்பாவுக்கு அதுக்குள்ள ஒரு வாரம் ஆனது மாதிரி இருக்காம் என்று அவளிடம் சொன்னாள்.

பிறகு போனுக்குத் திரும்பினாள்.

"ஏங்க, போட்டோ முந்தாநாள் மூணு, நேத்து மூணு, இன்னிக்கு ஒண்ணு. காலையில மொத ஆட்டந்தான் கணக்குன்னு எங்களுக்கெல்லாம் சட்டம் போட்டீங்க. உங்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு மூணு தடவ விடியுதா?"

செல்லப்பன் கம்பியில் இருந்த ஏழு தாளையும் மறுபடி பார்த்தார்.

காலை சவாரி முடிந்து வந்து மதியம் படுப்பார். சாயங்காலச் சவாரி முடிந்து வந்து கொஞ்சம் கண்ணயர்வார். எழும்போதெல்லாம் பக்கத்தில் கலையரசி இருப்பாள். காபியா சோறா என்று கேட்பாள். எந்த வேளை என்பது அதிலேயே தெரிந்துவிடும். அவள் போன பிறகு, எழுந்ததெல்லாம் அவருக்குக் காலை.

எழுந்தால் வேளை தெரியாமல் போனது எத்தனை மாதமாக என்று அவருக்குத் தெரியவில்லை.

பானுப்ரியா சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு போனை வைத்தார்.

சட்டையை மாட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்தார். கண்ணாடியில் பின்னால் காலி இருக்கைகள் தெரிந்தன. ஐந்து நிமிடம் இருக்கும். வண்டியைக் கிளப்பவில்லை.

அங்கிருந்தே நடராசனைக் கூப்பிட்டார்.

"மாத்து டிரைவர் மணிவண்ணனை அனுப்புங்க தம்பி. இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே வேனை அவரே ஓட்டட்டும்."

உடம்புக்கு என்னண்ணே என்று நடராசன் கேட்டார். தெரியவில்லை என்றார் செல்லப்பன்.

எட்டு இருபதுக்கு மணிவண்ணன் வந்து வேனை எடுத்துப் போனார். பன்னிரண்டு பிள்ளைகளும் ஒன்பதே காலுக்குப் பள்ளியில் இறங்கினார்கள்.