கானாவுக்கும் ஒரு ரிசப்டர்

டைரக்டர் இன்று கையெழுத்துப் போடாவிட்டால் பூவராகவனின் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டுதான். டெல்லிக்கு வந்த ஆறு வருஷமாக, ஹார்மோன் கொண்டுவரும் சேதியைச் செல்லுக்குள் வாங்கிக்கொடுக்கும் ரிசப்டரைத்தான் அவர் துரத்திக்கொண்டிருந்தார்.

"உங்க பேப்பரோட பிரதி கேட்டு வெளிநாட்டு விஞ்ஞானிங்க எழுதின கார்டெல்லாம் பார்த்தேன்" என்றார் டைரக்டர் தட்சிணாமூர்த்தி. "பெரு, கியூபா, செக்கோஸ்லோவாகியா... முப்பத்தொரு நாடு! அபாரம்!"

பூவராகவன் நாற்காலி நுனிக்கு வந்தார். "ஒவ்வொண்ணையும் பார்த்தீங்களா சார்?"

"லென்ஸ் வச்சுப் பார்த்தேன்."

"ஆனா பாதிக் கார்டு மூலை போய்த்தான் என் கைக்கு வருது சார். பின்பக்கம் இருக்கிற, அனுப்பினவங்க அட்ரஸும் சேர்ந்து போயிடுது. ஆபீஸ்ல எலித் தொல்லை."

"அச்சா, எலியை நான் பார்த்துக்கறேன். உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் தர்றேன். ஒரே குறை, ஆப்பிரிக்காவை ஏன் விட்டுட்டீங்க? கானாவிலேருந்து ஒருத்தர்கூட எழுதலையே. அடுத்த பேப்பர் அவங்களுக்கும் ஆர்வம் வர்ற மாதிரி இருக்கணும்."

ஏழை நாடுகளை நினைக்க இப்படியும் ஒரு டைரக்டரா! பூவராகவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபைலை நீட்டினார்.

பேனா எடுக்க டைரக்டர் டிராயரை இழுத்தார். உள்ளே ஒரு லென்ஸ், ஒரு கத்தரிக்கோல், திறந்தபடி ஒரு ஸ்டாம்ப் ஆல்பம். இடப்பக்கம் கியூபா நிரம்பி வழிந்தது. வலப்பக்கம் 'கானா' என்று தலைப்பு மட்டும் இருந்தது.

கையெழுத்து விழுந்தது. பூவராகவன் ஃபைலைப் பத்திரமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஆராய்ச்சியைத் தைராய்டுக்கு மாத்திடறேன் சார். அங்கே கழுத்துக் கழலை ஜாஸ்தி. கானாக்காரங்க கண்டிப்பா எழுதுவாங்க."