பிறேக் எண்ணெய்

நிதுசன் ஐந்தரைக்கு எழும்பினான். பல் விளக்கினான். ஒருவருக்கு அளந்து கோப்பி வைத்தான். நேற்றைய பாணை வாட்டித் தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான்.

சனிக்கிழமை. மொண்டெல்லோக் கடற்கரையில் உணவகச் சமையலறை வேலை பின்னேரம்தான்.

கட்டிலுக்கடியில் கிடந்ததை இழுத்துத் துணிப்பைக்குள் வைத்தான். மனைவி நிரோசினியின் முதலாம் ஆட்டைத் திவசம் முடிந்து எட்டு நாள்.

கிறிகோரியின் சைக்கிள் கடை வியா மக்வேதா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருந்தது. கிறிகோரி யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். இந்த இத்தாலிய நகரமான பலேர்மோவில் சில்லு நெளிந்த தமிழர் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள்.

"மௌண்டன் பைக் ஒண்டு கட்ட வேணும் அண்ணை."

கிறிகோரி அவனை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். ஒரு வருடமாக இவன் சைக்கிள் ஏறவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவன் உயரத்தைக் கண்ணாலேயே அளந்து, மேலே தொங்கிய அலுமினியச் சட்டம் ஒன்றை இறக்கினார்.

நிதுசன் மூலையில் சாய்ந்திருந்த ஒரு பின் சில்லைக் காட்டினான்.

"அது சரிவராது தம்பி. சட்டத்துக்கு நூற்றி நாப்பத்தெட்டு மில்லிமீற்றர் வேணும். சில்லு நூற்றி நாப்பத்திரண்டு. ஆறுதானே எண்டு நெரிச்சுப் பூட்டக் கூடாது. இதென்ன கலியாணப் பொருத்தமோ, பத்துக்கு ஆறு இருந்தாக் காணும் எண்டு சொல்ல? இது பத்துக்குப் பத்தும் வேணும்."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பறவாயில்லை அண்ணை. எங்களுக்கு நாலுதான் பொருந்தினது."

சரியான சில்லு வந்தது. பல்லுச் சக்கரம், அதற்கேற்ற செயின், ஹாண்டில் எல்லாம் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. கடைசியில் பிறேக்.

நிதுசன் பையைத் திறந்தான். ஒரு பின் பிறேக். கைப்பிடி, குழாய், கவ்வி எல்லாம் கழற்றாமல் அப்படியே.

"புதுசு கிடக்கேக்கை ஏன் இந்தப் பழசு?"

"பூட்ட வேண்டாம். திறந்து பாருங்கோ. உள்ளுக்கை என்ன எண்ணெய் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றத் தமிழர் மலைமேல் இருக்கும் ரோசாலியா கோவிலுக்கு நடந்து ஏறுவார்கள். நிதுசனும் நிரோசினியும் சைக்கிளில் ஏறுவார்கள். போன வருடம் ஒரு ஞாயிறு, இறங்கும்போது மூன்றாம் வளைவில் அவள் திரும்பவில்லை. நேரே சுவரில் போய் மோதினாள்.

அவளுடைய பிறேக்குகளுக்கு முதல் நாள் எண்ணெய் மாற்றியவன் அவன்.

அவனுடைய சைக்கிளுக்கு ஒரு வகைப் பிறேக் திராவகம். அவளுடையதற்கு எண்ணெய். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றிவிட்டால் உள்ளே ரப்பர் வீங்கி, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிறேக் பிடிக்காது. ஒழுகும் தகரங்கள் சமையலறைக்கு ஆகாதென்று நிரோசினி இரண்டையும் வெறும் நல்லெண்ணெய்ப் போத்தல்களில் ஊற்றி வைத்திருந்தாள். ஒரே அளவு, ஒரே மூடி, ஒரே வெளிர் நிறம். எது எந்தப் பக்கம் என்பதுதான் அடையாளம்.

அவளுடைய முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வீடு கழுவ வந்த உறவுக்காரர், ஊத்தைப் போத்தல்கள் என்று இரண்டையும் எறிந்துவிட்டார்கள்.

அதன் பிறகு, அன்று அவன் எதை ஊற்றினான் என்பதற்கு, அவள் சைக்கிளில் நொறுங்காமல் மிஞ்சிய அந்தப் பின் பிறேக் மட்டுமே சாட்சி. தானே திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

கிறிகோரி அவன் முகத்தைப் பார்த்தார். போய்க் கடைக் கதவைச் சாத்தினார். ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் எடுத்து வந்தார்.

"திராவகம் எண்டால் தண்ணியோடை கலந்திடும். எண்ணெய் எண்டால் மிதக்கும்."

சிறு ஆணி ஒன்றைக் கழற்றினார். கைப்பிடியை மெல்ல அழுத்தினார். குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. விழுந்தது.

தண்ணீர் ஒருதரம் ஆடிற்று.

சொட்டு மேலே வந்து, வட்டமாக விரிந்து, அப்படியே நின்றது.

கிறிகோரி கவ்வியையும் கழற்றி ரப்பர் வளையங்களை விரலால் தடவிப் பார்த்தார். "வீங்கேல்லை. நீ சரியாத்தான் விட்டிருக்கிறாய், தம்பி. இது இண்டைக்கும் பிடிக்கும்."

நிதுசன் கீழே கிடந்த டயர்மேல் உட்கார்ந்தான். தாகம் எடுத்தது. கைக்கு எட்டிய கிளாசை எடுத்து வாயருகே கொண்டுபோனான்.

"டேய்! அது எண்ணெய்த் தண்ணியடா, விசரா!"

கிறிகோரி பாய்ந்து பறித்த வேகத்தில் பாதி அவர் சாரத்தில் ஊற்றுப்பட்டது. நிதுசன் சிரித்தான். அந்தச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது. சிரித்து முடியும்போது பசித்தது.

"புதுப் பிறேக்கே போடுங்கோ அண்ணை. எது பொருந்துமோ அது."

கிறிகோரி சாரத்தைப் பிழிந்தபடி தாழ்ந்த குரலில் கேட்டார். "அப்ப அந்தப் பிள்ளை எப்பிடியடா விழுந்தது? விழ முதல் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை அண்ணை."

பொலிசுக்கும் அதைத்தான் சொன்னான். அவளுடைய தாய்க்கும் அதைத்தான் சொன்னான். தன்னுடைய கைப்பிழை இல்லையென்று தெரியும்வரை, அவள் சொன்னதை நினைப்பதுகூடப் பழியைத் தூக்கி அவள்மேல் போடுவது போல இருந்தது. ஒரு வருடமாக அந்தக் குரலை அவன் கிட்ட வரவிடவில்லை.

இப்போது வரவிட்டான்.

மலை உச்சியில், ஹெல்மெட் பட்டியை இறுக்கிக்கொண்டு, அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இண்டைக்குக் கீழை போகுமட்டும் பிறேக்கிலை கை வைக்க மாட்டன். ஏலுமெண்டால் வந்து பிடியுங்கோ!"