மூடி வைக்கப்போகும் காருக்கு

முழங்கால் இடித்தது.

போன சனிக்கிழமை இடிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரோ இருக்கையை முன்னுக்கு இழுத்திருக்கிறார்கள். அவளைவிட உயரம் குறைந்த யாரோ.

அம்மா இந்தக் காரில் ஏறுவதே இல்லை. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட்டுக் காரோ என்று அப்பா அதை வாங்கிவந்த அன்றே கேட்டவள்.

அட்சிகா இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினாள். அப்பா பார்த்தார். ரேடியோவைக் கூட்டினார்.

பனிக்காலம் முடியும்வரை கார் சித்தப்பாவின் கராஜில் நிற்கும். துணி போட்டு மூடி. இன்சூரன்ஸையும் குறைக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். காலையில் அம்மாவிடம் அப்பா சொன்னது இது.

அதை நம்பாமல்தான் அவள் ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

சித்தப்பா வீட்டுச் சந்தியில் கார் திரும்பவில்லை.

பனிக்கால டயர் மாற்றும் கடை ஒன்றின் முன்னால் நின்றது.

மூடி வைக்கப்போகும் காருக்கு எதற்குப் பனி டயர்?

கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடக்கூடும்.

கடைக்காரர் கைதுடைத்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் கேதாரம் அண்ணை. ஸ்காபரோவில் பாதித் தமிழரின் கார்ச் சில்லு அவர் கையில்.

"அண்ணை, உந்தக் காரைப் பனிக்குள்ள ஓடப்போறியளோ? பின்சில்லு தள்ளுற கார். குதிரை மாதிரிக் குண்டி ஆட்டும்."

அப்பா சிரித்தார். "அதுதானே உம்மட்ட வந்தனான்."

"இந்த றிம்முக்கு இந்த அளவில ரயர் எண்டால் விலை கழுத்தை நெரிக்கும். ஒரு இன்ச் சின்ன றிம்மாப் போடுவம். ரயர் தடிப்பா வரும், மலிவாயும் வரும். றோட்டுக் கிடங்குக்குள்ள விழுந்தாலும் றிம் தப்பும். பிரேக்கில முட்டாமல் இருந்தாச் சரி."

கறுப்பு றிம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். "வடிவில்லை. சொல்லிப்போட்டன்."

"வடிவு வேண்டாம். ரயரை மட்டும் நல்லதாப் போடும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பல் துலக்கும் பிரஷ்ஷால் றிம் தேய்க்கிற மனுஷன்.

"டவுணுக்குள்ள ஓடுறதெண்டால் இது காணும்," கேதாரம் அண்ணை மலிவான டயரைத் தட்டினார். "தூரம் எண்டால் மற்றது."

"மற்றது."

"தூரமோ?"

"இடைக்கிடை."

அப்பாவின் வேலை வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்.

அலுமாரியில் அவருடைய தடித்த ஜாக்கெட் இல்லை. அவள் பார்த்துவிட்டாள். போன் வந்தால் பேஸ்மென்டுக்கு இறங்கி, உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் போட்டுவிட்டுத்தான் பேசுகிறார். வெறும் மெஷின். அதையும் பார்த்துவிட்டாள்.

அப்பா போகப்போகிறார்.

தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நடந்துவிடும் போலிருந்தது.

கார் மேலே உயர்ந்தது. போல்ட் கழற்றும் துப்பாக்கி கடகடவென்றது. ஒவ்வொரு சில்லாகக் கழன்று வந்தது. சில்லில்லாத காரைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இப்படியே நிற்கட்டும்.

நிற்கவில்லை. கறுப்புச் சில்லுகள் ஏறின. கார் இறங்கியது.

அப்பா சுற்றிவந்து பார்த்தார். ஒரு டயரைச் சப்பாத்துக் காலால் மெல்ல உதைத்தார். திருப்திப்பட்டவர் போலிருந்தார். அவளுக்கு அந்த முகம் பிடிக்கவில்லை.

"அம்மாட்டச் சொல்லிப்போடாதை, என்ன? வீண் கரைச்சல்."

அவள் தலையாட்டவில்லை. ஆட்டினாள் என்றே எடுத்துக்கொண்டார்.

"கழட்டினதுகளை என்ன செய்யிறது, அண்ணை?" கேதாரம் அண்ணை கேட்டார். "காருக்குள்ள கொள்ளாது. பிள்ளையை இஞ்ச விட்டிட்டுப் போனாலும் ஒண்டுதான் போகும்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார்.

"இஞ்சயே வைச்சிரும்."

"சரி. ஏப்ரலில வந்து மாத்துங்கோ. ஆரின்ர பேரில வைக்க?"

அப்பா வாசலுக்கு வெளியே பார்த்தார். முதல் பனி விழத் தொடங்கியிருந்தது.

"பிள்ளையின்ர பேரைப் போடும். அவ வந்து எடுப்பா."

அவளுக்கு இன்னும் லைசென்ஸ் எடுக்கிற வயசே ஆகவில்லை.

"ஓகோ. இப்பவே சீதனம் எழுதுறியளோ?"

அப்பா சிரிக்கவில்லை. போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசலடிக்குப் போனார். முதுகு காட்டி நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

கேதாரம் அண்ணை மஞ்சள் சாக்கட்டியோடு குந்தினார். டயரின் பக்கத்தில் எழுதினார். முன் இடது. அதற்குக் கீழே அவளிடம் கேட்டு, அட்சிகா.

சில்லுகள் அவள் பெயரைப் போட்டுக்கொண்டு வரிசையாகச் சுவரில் சாய்ந்தன. செத்த வீட்டில் பெயர் எழுதிய மலர்வளையம் மாதிரி.

"கடைசிப் பேர் என்ன, பிள்ளை? மேல இன்னொரு அட்சிகாவின்ர ரயரும் கிடக்கு."

இங்கே பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். பள்ளிக்கூடத்தில், டாக்டரிடம், நூலகத்தில், எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அவர் காதுபட ஒருநாளும் சொன்னதில்லை.

வாசலில் பனி. அந்த முதுகு. கையில் கார்ச் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

"சிவநிரூபன்," என்றாள்.

கேதாரம் அண்ணைக்குக் கேட்பதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.

அப்பா திரும்பினார்.