விழுந்ததும் கிடந்ததும்

“தரை ஈரம். வழுக்கி விழுந்துட்டாங்க.”

அவசரப் பிரிவின் முதல் மேசையில் நான் சொன்னதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அத்தையின் நெற்றியில் ஒரு விரல் நீளத்துக்குக் காயம். எழுபத்துநான்கு வயதிலும் தெருமுனையில் தையல் கடை நடத்துகிறவர். ஊருக்கெல்லாம் தைத்தவருக்கு இன்று நாலு தையல். அதைப் போட்டுவிட்டால் மதியம் கடை திறந்துவிடலாம் என்று கட்டிலில் படுத்தபடியே துடித்துக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

“வயசானவங்க இருக்கிற வீட்டுல இப்படியா தண்ணியை ஊத்தித் துடைப்பாங்க?”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இங்கே உடைந்திருப்பதோ மாமியாரின் மண்டை. என் கதியைச் சொல்லவா வேண்டும்!

அப்போதுதான் அந்த சிஸ்டர் வந்தார். குட்டையானவர், கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி விட்டிருந்தார். சீட்டைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். காயத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே, “என்ன நடந்துச்சும்மா?” என்றார்.

நாத்தனார் ஆரம்பித்தாள். சிஸ்டர் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து என் நாத்தனாரின் வாயை அடைத்த முதல் கை அதுதான்.

“கொடியில துண்டை எடுக்கக் கையை நீட்டினேன்,” என்றார் அத்தை. “தரை வேற ஈரமா... அப்புறம் பார்த்தா கீழே கிடந்தேன்.”

சிஸ்டரின் கை நின்றது.

“விழுந்தேன்னு சொல்லலையே நீங்க. கிடந்தேன்னுதானே சொன்னீங்க?”

அத்தை திருதிருவென்று விழித்தார். சிஸ்டர் அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. முழங்கையிலும் இல்லை.

ஊசி நூலோடு வந்த இளம் டாக்டரை அங்கேயே நிறுத்தினார்.

“தையல் அப்புறம் போடலாம் சார். வழுக்கினவங்க கையை ஊன்றியிருப்பாங்க, விழுந்த கதையையும் சொல்லுவாங்க. இவங்க கிடந்ததை மட்டும்தான் சொல்றாங்க. நடுவுல நினைவே இல்லை. முதல்ல ஈசிஜி எடுக்கணும்.”

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஈசிஜிக்குச் சொன்னார். அதற்காக அவரையும் பாராட்ட வேண்டும்.

மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் கோடு குதித்துக் குதித்துப் போனது. திடீரென்று நேராகப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று என்னை அறியாமல் எண்ணினேன். அத்தையின் கண்கள் மேலே செருகின. ஐந்து எண்ணியதும் கோடு மறுபடி குதித்தது.

“இதயம் நடுநடுவுல நின்னு போகுது. தைச்சு வீட்டுக்கு அனுப்பியிருந்தா...” என்றார் டாக்டர். பேஸ்மேக்கர் வைக்க ஏற்பாடு செய்ய ஓடினார்.

ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓர் உயிரை இழுத்து வந்துவிட்டாரே இந்த மனுஷி! அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. நாத்தனார் கும்பிட்டே விட்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“மன்னிச்சிடுங்க அண்ணி. அநியாயமா உங்க மேல பழியைப் போட்டுட்டேன்.”

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இன்றைக்கு நான் வீட்டைத் துடைக்கவே இல்லை. மயக்கம் என்றால் பிள்ளைகள் கடையை மூட வைத்துவிடுவார்கள், ஈரம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சியது அத்தைதான்.

போன மாதம் இரண்டு முறை அவர் விழுந்தபோதும் நான் அதையேதான் சொன்னேன்.